பிரஷர் பரம்பரையா, அதிரீனலா? - வாசகர் கேள்வி பதில்

இளவயதிலேயே இரத்த அழுத்தம் கூடினால், சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அதிரீனல் சுரப்பியையும் ஒருதரம் பார்க்கவேண்டும் என்று சென்ற இதழில் இரண்டு வரி எழுதியிருந்தோம். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கங்களை நிரப்பிவிட்டன. மருந்துகளின் அளவைக் குறிப்பிட்டிருப்பது, வைத்தியர் சொல்வது உங்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காக. தாங்களாகவே கூட்டிக் குறைப்பதற்காக அல்ல.

எனக்கு 29 வயது. பிரஷர் 160/100. அம்மாவுக்கு 25 வயதிலிருந்தே பிரஷர் இருக்கிறது. அம்மாவின் தம்பி 36 வயதில் மூளைக்குள் இரத்தம் கசிந்து காலமானார். "இது உங்கட பரம்பரை வருத்தம், ஆயுளுக்கும் குளிசைதான்" என்கிறார்கள். பரம்பரை என்றால் அதற்கு மேல் தேட ஒன்றும் இல்லையா?
- வாசகி, வெள்ளவத்தை

இருக்கிறது. உங்கள் கடிதத்தில் உள்ள மூன்று விபரங்களும் (25 வயதில் தொடக்கம், 36 வயதில் மூளை இரத்தக்கசிவு, தாய்வழியாக இரண்டு தலைமுறை) தேடவேண்டும் என்றே சொல்கின்றன.

பரம்பரைப் பிரஷரில் இரண்டு விதம் உண்டு. பெரும்பாலானோருக்கு இருப்பது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் ஒவ்வொன்றும் துளித்துளியாகக் கூட்டிவிடும் பிரஷர். ஆட்களுக்கிடையே பிரஷரில் காணும் வேறுபாட்டில் 30 முதல் 50 சதவீதம் வரை இப்படி மரபால் வருகிறது. மிச்சம் உப்பு, உடல் எடை, மது, வயது. 1950களில் இங்கிலாந்தில் பிளாட், பிக்கரிங் என்ற இரண்டு பேராசிரியர்கள் இதைப் பற்றிப் பல வருடம் மல்லுக்கட்டினார்கள். ஒரே மரபணுதான் காரணம் என்றார் பிளாட். உயரத்தைப் போலப் பல காரணிகள் சேர்ந்து படிப்படியாக வருவது என்றார் பிக்கரிங். பொதுமக்களைப் பொறுத்தவரை பிக்கரிங் வென்றார். ஆனாலும், ஒரே மரபணுப் பிழை ஒரு குடும்பத்தையே பிடித்தாட்டும் அபூர்வ வருத்தங்கள் உண்டு என்பது பின்னர் நிரூபணமானது. அவற்றில் கணிசமானவை அதிரீனல் சுரப்பியையோ, அது சுரக்கும் ஹோர்மோன் வேலைசெய்யும் சிறுநீரகக் குழாய்களையோ தொட்டவை.

உங்கள் குடும்பக் கதையோடு பொருந்தக்கூடியது, 1966இல் கனடாவில் ஒரு தகப்பனிலும் மகனிலும் முதலில் விபரிக்கப்பட்ட வருத்தம். அவர்களுக்கு அல்டோஸ்டெரோன் (உடலில் உப்பைத் தேக்கும் அதிரீனல் ஹோர்மோன்) கூடியிருந்தது, ரெனின் (அதைச் சுரக்கத் தூண்டும் சிறுநீரகச் சுரப்பு) அடங்கியிருந்தது. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் கொடுத்ததும் பிரஷர் இறங்கியது. சாதாரணமாக ஸ்டீரொயிட் பிரஷரைக் கூட்டும். இங்கே அது இறக்கியதற்கான காரணத்தை 1992இல் ரிச்சர்ட் லிஃப்டன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். 8ஆம் குரோமோசோமில், அதிரீனலின் இன்னொரு ஹோர்மோனான கோட்டிசோலைச் செய்யும் நொதியின் மரபணுவும் அல்டோஸ்டெரோன் செய்யும் நொதியின் மரபணுவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. விந்தோ முட்டையோ உருவாகும்போது குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். அந்த நேரத்தில் இவை இரண்டும் பிழையாகப் பொருந்தினால், முன்பாதி கோட்டிசோல் மரபணுவும் பின்பாதி அல்டோஸ்டெரோன் மரபணுவுமாக ஒரு கலப்பு மரபணு உண்டாகிறது. பக்கத்து வீட்டு சுவிட்சில் நம் வீட்டு மோட்டரைப் பூட்டியது போலத்தான். கோட்டிசோலுக்காக மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி அனுப்பும் ஏசிடிஎச் கட்டளைக்கு இப்போது அல்டோஸ்டெரோனும் சுரக்கிறது. உடலில் உப்பு எவ்வளவு மிஞ்சிக் கிடந்தாலும் அது நிற்பதில்லை. டெக்ஸாமெதசோன் ஏசிடிஎச்சை அடக்குவதால் பிரஷர் இறங்குகிறது.

தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு சரிபாதி. ஆண் பெண் வேறுபாடு இல்லை. மூளை நாளங்களில் வீக்கம் உண்டாகி இளவயதிலேயே வெடிப்பது இந்த வருத்தத்தின் பயங்கரமான பக்கம். அதனால்தான் உங்கள் மாமாவின் வயதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம். வருத்தம் உறுதியானவர்களுக்குப் பருவ வயதிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மூளை நாளங்களை எம்.ஆர். அஞ்சியோகிராம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்பது பொதுவான பரிந்துரை.

இனி நீங்கள் செய்யவேண்டியது: முதலில் இரத்தப் பொட்டாசியம், கிரியட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலைசெய்கிறது என்று காட்டுவது), அத்தோடு அல்டோஸ்டெரோன் - ரெனின் விகிதம். பொட்டாசியம் சரியாக இருந்தால் அல்டோஸ்டெரோன் பிரச்சினை இல்லை என்று நிறையப் பேர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள், அது பிழை. இந்தக் குடும்ப வருத்தத்தில் பொட்டாசியம் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். விகிதம் கூடி வந்தால், 20 வயதுக்கு முன் தொடங்கியவர்களுக்கும், குடும்பத்தில் 40க்குள் பாரிசவாதம் வந்தவர்களுக்கும் மரபணுப் பரிசோதனை செய்யவேண்டும். கேட்கும்போது "கலப்பு மரபணுவுக்கான நீள்-பிசிஆர்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பல மரபணுக்களை ஒரேயடியாக வாசிக்கும் சாதாரணத் தொகுப்புப் பரிசோதனையில், ஒன்றுபோலிருக்கும் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டது பிடிபடாமல் போகக்கூடும். அப்படி வந்த "ஒன்றுமில்லை" என்ற ரிப்போர்ட்டை நம்பி இருந்துவிடக்கூடாது. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் மரபியல் பிரிவு இருக்கிறது. உங்கள் வைத்தியரின் கடிதத்தோடு ஆலோசனையை அங்கிருந்து தொடங்கலாம்.

உறுதியானால் வைத்தியம் சிக்கனமானது. இரவு படுக்கப்போகும் முன் டெக்ஸாமெதசோன் 0.125 முதல் 0.25 மி.கி. வரை, அல்லது பிரெட்னிசோலோன் 2.5 முதல் 5 மி.கி. வரை. விடியற்காலை எழும் ஏசிடிஎச்சை அடக்குவதற்காகத்தான் இரவு வேளை. வளரும் பிள்ளைகளுக்கு ஸ்டீரொயிட் உயரத்தைக் குறைக்கும் என்பதால் அவர்களுக்குக் கூடியவரை அல்டோஸ்டெரோனை மறிக்கும் ஸ்பைரொனோலக்டோன் வகையோ, சிறுநீரகத்தில் உப்பு உள்ளே வருவதை அடைக்கும் அமிலோரைட்டோ பார்ப்பார்கள்.

அல்டோஸ்டெரோன் - ரெனின் விகிதம் எடுக்கச் சொல்லி டொக்டர் எழுதித் தந்தார். ஆய்வுகூடத்தில் "வெறுவயிற்றோடு வாங்கோ" என்று மட்டும் சொன்னார்கள். நான் லோசார்ட்டனும் பிசொப்ரொலோலும் பாவிக்கிறேன். வேறு ஆயத்தம் வேண்டாமா?
- எஸ்.ம., கொட்டாஞ்சேனை

வெறுவயிறு இங்கே பெரிய விஷயம் இல்லை. மற்றதெல்லாம் பெரிய விஷயம்.

காலையில் எழும்பிக் குறைந்தது இரண்டு மணித்தியாலம் நடமாடியிருக்கவேண்டும். பிறகு 5 முதல் 15 நிமிடம் கதிரையில் இருந்துவிட்டு இரத்தம் கொடுக்கவேண்டும். படுக்கையிலிருந்து நேரே போனால் ரெனின் குறைந்திருக்கும். நேரம் காலை நடுப்பகுதி, அதாவது ஒன்பது பத்து மணி. அதற்கு முந்திய நாட்களில் உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள். பிரஷர் என்றவுடன் உப்பில்லாக் கஞ்சிக்கு மாறிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்; உப்புக் குறைந்தால் ரெனின் எழும்பி, இருக்கிற வருத்தமும் மறைந்துவிடும். பொட்டாசியம் குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிக்கட்டவேண்டும், ஏனென்றால் பொட்டாசியம் குறைந்தால் அல்டோஸ்டெரோன் சுரப்பதும் குறையும். இரத்தம் எடுக்கும்போது கைவிரல்களை மடக்கி விரித்து, மடக்கி விரித்து நரம்பு தேடும் வழக்கத்தையும் விடச் சொல்லுங்கள். அதனால் மட்டுமே பொட்டாசியம் கூடிக் காட்டும், உண்மையான குறைவு தெரியாமல் போய்விடும். குழாயை ஐஸில் வைத்து அனுப்புவதும் கூடாது. குளிரில் செயலற்ற ரெனின் செயலுள்ளதாக மாறுவதால் அளவு பிழையாகக் கூடும். அறை வெப்பநிலையில் விரைவாக ஆய்வுகூடம் சேரவேண்டும்.

மருந்துகளில், ஸ்பைரொனோலக்டோன், எப்லெரெனோன், அமிலோரைட், மற்றச் சலம்போக்கி மருந்துகள் ஆகியவற்றை நான்கு கிழமை நிறுத்துவது பழைய முறை. உங்களுடைய பிசொப்ரொலோல் ரெனினைக் குறைத்து, இல்லாத வருத்தத்தை இருப்பதாகக் காட்டக்கூடும். டைக்லோஃபெனக், இபுப்ரோஃபென் போன்ற நோவுக் குளிசைகளும் அப்படியே. லோசார்ட்டன் இதற்கு எதிர்: ரெனினைக் கூட்டி வருத்தத்தை மறைக்கப் பார்க்கும். ஆகவே லோசார்ட்டன் பாவித்துக்கொண்டிருக்கும்போதே ரெனின் அடங்கிக் கிடந்தால் அது வலுவான சாட்சி. ஈஸ்ட்ரஜன் அடங்கிய கருத்தடைக் குளிசை பாவிக்கும் பெண்கள் அதை ஆய்வுகூடப் படிவத்தில் எழுதவேண்டும்; நேரடி ரெனின் அளவைக் குறைத்து விகிதத்தை ஏற்றிவிடும்.

அதற்காகக் குளிசைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். பிரஷர் உச்சத்தில் உள்ள ஒருவரின் மருந்தைக் கிழமைக்கணக்கில் நிறுத்துவது எங்களுக்கும் உவப்பில்லை. நிறுத்தியே ஆகவேண்டுமானால் வெரபமில், பிரசொசின், டொக்சசொசின், ஹைட்ரலசின் ஆகியவற்றுக்கு மாற்றலாம். அவை விகிதத்தை அதிகம் குழப்புவதில்லை. என்டோகிரைன் சொசைட்டி 2025இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, பிரஷர் உள்ள எல்லோருக்கும் இந்தச் சோதனையைச் செய்யலாம். முதல் தடவை மருந்துகளை நிறுத்தாமலே எடுத்து, முடிவை மருந்தோடு சேர்த்து வாசிக்கலாம். நடைமுறைக்கு ஏற்ற நல்ல மாற்றம்.

ரிப்போர்ட் வந்ததும் அலகைப் பாருங்கள். ரெனினின் செயற்பாட்டை அளந்திருந்தால் (மில்லிலீற்றருக்கு, மணித்தியாலத்துக்கு நனோகிராம்) விகிதம் 20 முதல் 30க்கு மேல் என்பது சந்தேக எல்லை. ரெனினின் செறிவை நேரடியாக அளந்திருந்தால் (லீற்றருக்கு மில்லி யூனிட்) அதே எல்லை 2.4 முதல் 3.7 வரை. இரண்டிலும் அல்டோஸ்டெரோன் டெசிலீற்றருக்கு நனோகிராம் என்ற அலகில் இருக்கவேண்டும். பிக்கோமோலில் தந்திருந்தால் 27.7ஆல் பிரித்துக்கொள்ளுங்கள். "எனக்கு 3 தான், ஆகவே ஒன்றும் இல்லை" என்று ஆறுதற்பட்டவருக்கு 3 என்பது கூடிய அளவாக இருப்பது இப்படித்தான். இன்னொன்று: ரெனின் மிகமிகக் குறைவாக இருந்தால், அல்டோஸ்டெரோன் 4 ஆக இருந்தாலும் விகிதம் வானத்தைத் தொடும். அல்டோஸ்டெரோன் 10க்குக் குறையாமல் இருக்கிறதா என்பதைச் சேர்த்துத்தான் முடிவு சொல்வார்கள்.

விகிதம் கூடியதால் இரண்டு லீற்றர் சேலைன் ஏற்றிப் பார்க்கவேண்டும் என்கிறார்கள். பிரஷர் உள்ளவருக்குச் சேலைன் ஏற்றலாமா?
- ஒரு மகன், தெஹிவளை

கண்காணிப்பில் ஏற்றலாம். நான்கு மணித்தியாலத்தில் இரண்டு லீற்றர் 0.9 சதவீத சேலைன். படுக்க வைத்து ஏற்றுவதைவிட இருக்கவைத்து ஏற்றினால் சோதனை கூர்மையாக இருக்கும். உடம்பில் உப்பு நிறைந்ததும் ஆரோக்கியமான சுரப்பி அல்டோஸ்டெரோனை 5க்குக் கீழ் (டெசிலீற்றருக்கு நனோகிராம்) இறக்கிவிடும். 10க்கு மேல் நின்றால் வருத்தம் உறுதி. இருதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகம் நன்றாகப் பழுதானவர்கள், பிரஷர் கட்டுக்கடங்காதவர்கள், பொட்டாசியம் மிகக் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இது கூடாது. உங்கள் அப்பாவின் பொட்டாசியம் தானாகவே குறைந்திருந்து, ரெனின் அடங்கி, அல்டோஸ்டெரோன் 20க்கு மேல் இருந்தால் இந்தச் சோதனையே தேவையில்லை என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

பொட்டாசியம் 2.9. டொக்டர் "அல்டோஸ்டெரோன் கூடியிருக்கும்" என்றார். ரிப்போர்ட்டில் ரெனினும் குறைவு, அல்டோஸ்டெரோனும் குறைவு. ஆய்வுகூடப் பிழையா? என் அக்காவுக்கும் 22 வயதில் இதே கதை.
- வாசகர், வத்தளை

பிழையாக இருக்கவேண்டிய அவசியமில்லை. இரண்டும் சேர்ந்து குறைந்திருப்பது ஒரு தனி அடையாளம். அல்டோஸ்டெரோன் இல்லாமலே சிறுநீரகம் அது இருப்பதுபோல் நடந்துகொள்கிறது என்று அர்த்தம்.

அல்டோஸ்டெரோன் செய்வது, சிறுநீரகக் குழாயின் கடைசிப் பகுதியில் சோடியத்தை உள்ளே இழுக்கும் கால்வாய்களைக் கூட்டுவது. சோடியம் உள்ளே வர, பதிலாகப் பொட்டாசியம் சலத்தோடு வெளியேறும். உப்போடு தண்ணீரும் தங்குவதால் பிரஷர் ஏறும். உப்பு நிறைந்ததும் ரெனின் அடங்கும். 1963இல் கிராண்ட் லிடில் விபரித்த குடும்பத்தில் பிரஷரும் பொட்டாசியக் குறைவும் இருந்தன, ஆனால் அல்டோஸ்டெரோன் இல்லை என்ற அளவுக்குக் குறைந்திருந்தது. அந்தக் கால்வாயே பழுதாகி, அகற்றப்படாமல் குழாயின் மேற்பரப்பில் தேங்கிவிடுகிறது என்பது 1994இல் மரபணு மூலம் தெளிவானது. லிடிலின் முதல் நோயாளிக்குப் பின்னாளில் சிறுநீரகம் மாற்றப்பட்டபோது அந்த வருத்தமும் போய்விட்டது. பழுது சுரப்பியில் இல்லை, சிறுநீரகத்தில்தான் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இதை அறிவதால் வைத்தியம் தலைகீழாகிறது. ஸ்பைரொனோலக்டோன் இவர்களுக்கு உதவாது. அது அல்டோஸ்டெரோனை மறிக்கும் மருந்து, இங்கேயோ மறிக்க அல்டோஸ்டெரோன் இல்லை. கால்வாயை நேரடியாக அடைக்கும் அமிலோரைட் அல்லது ட்ரையம்டெரீன் கொடுத்து, உப்பையும் குறைத்தால் பிரஷரும் பொட்டாசியமும் சேர்ந்து சரியாகும். உங்கள் அக்கா ஸ்பைரொனோலக்டோன் எடுத்தும் பயனில்லாதிருந்தால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் மரபணு வரை போகமுன் அடுத்த கேள்வியையும் பதிலையும் வாசித்துவிட்டுப் போங்கள்.

இருமலுக்கு ஒவ்வொரு நாளும் அதிமதுரம் அவித்துக் குடிக்கிறேன். இரண்டு மாதமாகிறது. கால் வீக்கம், பிரஷர் 170. மூலிகைதானே, அதால் வருமா?
- வாசகி, மட்டக்குளி

வரும். சிங்களத்தில் வெல்மி என்று கடைகளில் விற்பதும் இதுதான். மேலே சொன்ன 'இரண்டும் குறைவு' ரிப்போர்ட்டுக்கு உலகெங்கும் நன்றாக ஆராயப்பட்ட காரணங்களில் ஒன்று இந்த வேர்.

இரத்தத்தில் கோட்டிசோல் அல்டோஸ்டெரோனைவிட நூறு முதல் ஆயிரம் மடங்கு கூடுதலாக ஓடுகிறது. அல்டோஸ்டெரோனுக்கான ஏற்பியில் கோட்டிசோலும் அதே வலுவில் ஒட்டும். அப்படி ஒட்டாதபடி சிறுநீரகக் குழாயில் ஒரு நொதி கோட்டிசோலை உடனுக்குடன் செயலற்ற கோட்டிசோனாக மாற்றிக்கொண்டிருக்கிறது. அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் அந்த நொதியை முடக்குகிறது. பிறகு கோட்டிசோலே அல்டோஸ்டெரோன் வேலையைச் செய்யத் தொடங்கும்: உப்பு தங்கும், பொட்டாசியம் போகும், தசை சோரும், இருதயத் துடிப்புத் தடுமாறலாம். நாளுக்கு 100 மி.கி. கிளிசிரைசிக் அமிலத்தை மேல்வரம்பாக ஐரோப்பிய நிபுணர் குழு வைத்திருக்கிறது. அவித்த தண்ணீரில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வீட்டில் அளக்க வழியில்லை. ஆகவே பிரஷர் உள்ளவர், கர்ப்பிணி, சலம்போக்கி மருந்து எடுப்பவர் ஆகியோர் நாட்கணக்கில் இதைக் குடிக்கவேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு. இரண்டு நாள் தொண்டைக்குக் குடித்தவர் பயப்படத் தேவையில்லை.

இன்றே நிறுத்துங்கள், பொட்டாசியம் பாருங்கள். நிறுத்தியதும் மறுநாளே பிரஷர் இறங்காது. நொதி பழைய நிலைக்கு வரச் சில கிழமை செல்லும். வைத்தியர் "நாட்டு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா" என்றால் கசாயம், லேகியம், தொண்டைக்கு உறிஞ்சும் வில்லை எல்லாவற்றையும் சொல்லவேண்டும்.

இதே நொதி பிறப்பிலேயே பழுதாகும் அபூர்வ வருத்தமும் உண்டு. பிள்ளை எடை குறைந்து பிறக்கும், சின்ன வயதிலேயே பிரஷர் கடுமையாக இருக்கும். தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் வெளிப்படும் என்பதால், சொந்த மச்சான் மச்சாள் கலியாணம் செய்த குடும்பங்களில் வாய்ப்புக் கூட. பிள்ளை வைத்தியரிடம் அந்த உறவை மறைக்காதீர்கள்.

சி.ரி. ஸ்கானில் இடது அதிரீனலில் 1.2 சென்ரிமீற்றர் கட்டி. அல்டோஸ்டெரோனும் கூட. எடுத்துவிட்டால் சரிதானே? எதற்கு நாளத்துக்குள் குழாய் விட்டு இன்னொரு சோதனை? பிள்ளைகளுக்கும் இது வருமா?
- கே.ஆர்., பம்பலப்பிட்டி

கட்டி இருக்கும் பக்கம்தான் அல்டோஸ்டெரோன் சுரக்கிறது என்று ஸ்கான் சொல்வதில்லை. 35, 40 வயது தாண்டினால் எந்த வேலையும் செய்யாத சாதுவான கட்டிகள் அதிரீனலில் சாதாரணம். இடது பக்கம் சாதுக் கட்டி, வலது பக்கம் கண்ணுக்குத் தெரியாத சின்னக் கட்டி சுரப்பது, அல்லது இரண்டு பக்கமும் சேர்ந்து சுரப்பது எல்லாம் நடக்கும். பிழையான சுரப்பியை எடுத்தால் பிரஷர் அப்படியே இருக்கும், ஒரு சுரப்பி போய்விடும். 35 வயதுக்குக் கீழ், வருத்தம் கடுமை, ஒரு பக்கம் தெளிவான கட்டி, மறுபக்கம் சுத்தம் என்றால் மட்டும் இந்தச் சோதனையைத் தவிர்க்கலாம்.

தொடைமடிப்பால் மெல்லிய குழாய் விட்டு, இரண்டு அதிரீனல் நாளங்களிலிருந்தும் தனித்தனியே இரத்தம் எடுப்பார்கள். சிக்கல் வலது பக்கம். இடது நாளம் சிறுநீரக நாளத்தில் போய்ச் சேருவதால் பிடிப்பது இலகு. வலது நாளம் கட்டை, பெருநாளத்தின் பின்சுவரில் நேரே திறக்கிறது. தவறினால் வேறு இடத்து இரத்தம் வந்துவிடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒவ்வொரு மாதிரியிலும் கோட்டிசோலும் அளக்கிறார்கள்: ஏசிடிஎச் ஊசி கொடுத்திருந்தால் அதிரீனல் மாதிரியில் கோட்டிசோல் கை இரத்தத்தைவிட ஐந்து மடங்காவது இருக்கவேண்டும். அது சரியென்றால், அல்டோஸ்டெரோனைக் கோட்டிசோலால் வகுத்த எண் ஒரு பக்கம் மற்றதைவிட நான்கு மடங்கு கூடினால் அந்தப் பக்கம்தான் குற்றவாளி. இதை அடிக்கடி செய்யும் கதிரியக்க வைத்தியரிடம் செய்துகொள்வது முக்கியம். கைப்பழக்கத்தில்தான் இதன் வெற்றி.

சத்திரசிகிச்சைக்கு முன் இரண்டு சோதனைகளைக் கட்டாயம் கேட்டுவாங்குங்கள். ஒன்று, இரவு 1 மி.கி. டெக்ஸாமெதசோன் எடுத்து மறுநாள் காலை கோட்டிசோல் (கட்டி கோட்டிசோலையும் சுரக்கிறதா என்று). மற்றது, ஸ்கானில் சந்தேகம் இருந்தால் மெட்டனெஃப்ரின் (கட்டி அட்ரினலின் வகைகளைச் சுரக்கிறதா என்று).

1954இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜெரோம் கொன் தசைச்சோர்வோடும் பிரஷரோடும் வந்த 34 வயதுப் பெண்ணில் இப்படியான கட்டியைக் கண்டு அகற்றுவித்தார். அவர் பெயரிலேயே இன்றும் 'கொன் வருத்தம்' என்கிறோம். எடுத்துவிட்டால் எல்லோருக்கும் குளிசை நின்றுவிடும் என்று எதிர்பார்க்கக்கூடாது. 12 மையங்களின் 705 நோயாளிகளை வைத்து 2017இல் வெளிவந்த ஆய்வில் ஹோர்மோன் முழுதாகச் சரியானவர்கள் 94 சதவீதம், மருந்தே இல்லாமல் பிரஷர் சரியானவர்கள் 37 சதவீதம். மற்றவர்களிலும் பெரும்பாலானோருக்குக் குளிசை குறைந்தது. வருடக்கணக்காக ஓடிய பிரஷர் நாளங்களில் விட்டுப்போன பழுதுதான் மிச்சம். சத்திரசிகிச்சை முடிந்ததும் ஸ்பைரொனோலக்டோனையும் பொட்டாசியக் குளிசையையும் நிறுத்திவிடுவார்கள். தூங்கிக்கிடந்த மற்றச் சுரப்பி விழிக்கச் சில கிழமை எடுப்பதால் பொட்டாசியம் ஏறக்கூடும். முதல் மாதம் கிழமைக்கு ஒருதரம் பாருங்கள்.

பிள்ளைகளைப் பற்றி: 2011இல் இந்தக் கட்டிகளில் ஒரு பொட்டாசியக் கால்வாய் மரபணுவின் பழுது கண்டுபிடிக்கப்பட்ட செய்தியை வாசித்துப் பலர் பயந்துபோயிருக்கிறார்கள். அந்தப் பழுது பெரும்பாலும் கட்டியின் கலங்களுக்குள் மட்டும் உண்டானது. விந்திலோ முட்டையிலோ இல்லை, பிள்ளைக்குப் போகாது. அதே மரபணு பிறப்பிலேயே பழுதான குடும்பங்களும் உண்டு. அவை மிகச் சில. உங்கள் சகோதரர்களில், பெற்றோரில் யாருக்கும் இளவயதுப் பிரஷரோ பொட்டாசியக் குறைவோ இல்லையென்றால் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு ஒருமுறை பிரஷர் பார்த்தால் போதும்.

அப்பா ஸ்பைரொனோலக்டோனும் எனலப்ரிலும் எடுக்கிறார். வெயிலுக்கு நல்லது என்று தினமும் இரண்டு தம்பிலி குடிக்கிறார். இப்போது பொட்டாசியம் 5.6.
- மகள், கிருலப்பனை

தம்பிலியை நிறுத்துங்கள். ஒரு நல்ல செவ்விளநீரில் ஏறத்தாழ ஒரு கிராம் பொட்டாசியம் இருக்கலாம். இரண்டு மருந்தும் பொட்டாசியத்தை உடலில் தேக்குகின்றன. 'சோடியம் குறைந்த உப்பு' என்று பக்கெட்டில் விற்பதும் பொட்டாசியம் குளோரைட் கலந்ததுதான். அதையும் வீட்டை விட்டு அகற்றுங்கள். உப்பைக் குறைக்க வேறு வழி உண்டு: நாளுக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. கருவாடு, மாசி, அப்பளம், அச்சாறு, கொத்துரொட்டிக்கு ஊற்றும் சோஸ் இவற்றிலேயே அது முடிந்துவிடுகிறது. 5.6 என்பதை ஓரிரு நாளுக்குள் திரும்பச் சோதித்து, ஸ்பைரொனோலக்டோனை வைத்தியர் குறைக்கவேண்டும். 6ஐத் தொட்டால் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போய் ஈசிஜி எடுக்கவேண்டும். மருந்து தொடங்கினாலும் அளவு மாற்றினாலும் ஒரு கிழமையிலும் நான்காம் கிழமையிலும் பொட்டாசியமும் கிரியட்டினினும் பார்ப்பது நல்ல வழக்கம். மார்பு பெருத்து நோவதாக அப்பா சொல்ல வெட்கப்படலாம். அதுவும் இந்த மருந்தின் பக்கவிளைவே, எப்லெரெனோனுக்கு மாற்றினால் குறையும்.

திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், தலையிடிக்கும். அப்போது பிரஷர் 210. மற்ற நேரம் 130. "பயம், டென்ஷன்" என்று ப்ரொப்ரனலோல் தந்திருக்கிறார்கள். அண்ணாவுக்குத் தைரொயிட் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை நடந்தது.
- வாசகர், நுகேகொடை

அண்ணாவின் புற்றுநோய் எந்த வகை என்று இன்றே அவரது பழைய ரிப்போர்ட்டில் பாருங்கள். 'மெடுலரி' என்று எழுதியிருந்தால், அதிரீனலின் உட்பகுதியில் அட்ரினலின் வகைகளைச் சுரக்கும் கட்டி (பியோக்ரோமோசைட்டோமா) உங்களுக்கும் இருக்கலாம். ரெட் என்ற மரபணுப் பழுதில் இரண்டும் ஒரே குடும்பத்தில் வரும். இந்தக் கட்டி உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்காவது பரம்பரைக் காரணம் இருப்பதால், உறுதியான எல்லோருக்கும் மரபணுப் பரிசோதனை பற்றிப் பேசுவது இப்போதைய நடைமுறை.

இந்தச் சந்தேகம் தீரும்வரை ப்ரொப்ரனலோலைத் தனியாக எடுப்பது ஆபத்து என்று தந்தவரிடம் உடனே சொல்லுங்கள். அந்த மருந்து நாளங்களை விரிக்கும் பக்கத்தை அடைத்துவிட, சுருக்கும் பக்கம் தனித்து நின்று பிரஷரை உச்சத்துக்குக் கொண்டுபோகும். கட்டி உறுதியானால் முதலில் டொக்சசொசின் அல்லது பினொக்சிபென்சமின். சத்திரசிகிச்சைக்கு 7 முதல் 14 நாள் முன்பே தொடங்கவேண்டும், தேவையென்றால் அதன் பிறகே பீட்டா மறிப்பான் (ப்ரொப்ரனலோல் வகை). வாந்திக்குப் போடும் மெட்டக்ளொப்ரமைட் ஊசியும் இந்தக் கட்டியைச் சீண்டிவிடும். வைத்தியசாலைக்குப் போனால் அதைச் சொல்லுங்கள்.

சோதனை, இரத்தத்தில் மெட்டனெஃப்ரின் அல்லது 24 மணித்தியாலச் சலத்தில் மெட்டனெஃப்ரின். இரத்தம் என்றால் 20, 30 நிமிடம் மல்லாந்து படுத்திருந்து எடுக்கவேண்டும். இருந்து எடுத்தால் வீணாகக் கூடிக்காட்டும். அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வு மருந்தும் அப்படியே. சில முறைகளில் பரசிட்டமோலும் அளவைக் குழப்பும்.

சலம் சேர்ப்பதில்தான் பெரும்பாலானோர் பிழைவிடுகிறார்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடங்குகிறீர்கள் என்றால், அந்த ஏழு மணிச் சலத்தை வெளியே விட்டுவிடவேண்டும். அதன் பிறகு வரும் ஒவ்வொரு துளியும் கலனுக்குள். திங்கள் காலை ஏழு மணிச் சலமும் கலனுக்குள், அத்தோடு முடிவு. கலனில் ஆய்வுகூடம் போட்டுத்தரும் அமிலத்தைக் கொட்டிவிடாதீர்கள். அதற்குள் நேராகச் சலம் விடாமல் வேறு ஏனத்தில் விட்டு ஊற்றுங்கள். கலனைக் குளிரான இடத்தில் வையுங்கள். ஒரு தடவை தவறவிட்டால் மறைக்காமல் சொல்லித் திரும்பத் தொடங்குங்கள். அதே சலத்தில் கிரியட்டினினும் அளப்பார்கள், அரைகுறையாகச் சேர்த்தது அதில் தெரிந்துவிடும்.